அம்பாசடரில் எலக்ட்ரானிக் இக்னிஷன்: எந்தக் கோளாறுக்கு எங்கே பார்ப்பது

என்னிடம் இருப்பது 1489 சிசி பெட்ரோல் இன்ஜின் கொண்ட மார்க் 4 அம்பாசடர். காயிலின் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டித்துத் தீப்பொறி எழுப்பும் பழைய பாயிண்டையும் அதன் துணையான கண்டென்சரையும் கழற்றிவிட்டு, பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளேயே அடங்கிவிடும் காந்த வளையமும், பாயிண்டின் வேலையை மின்னணு முறையில் செய்யும் மாட்யூலும் கொண்ட கிட்டைப் பொருத்திப் பல ஆண்டுகள் ஆகின்றன. அதன்பிறகு நண்பர்களின் அம்பாசடர், பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று கோயம்புத்தூரில் என் வீட்டு வாசலுக்கு வந்த வண்டிகள் பல. எல்லோரும் ஒரே வாக்கியத்தோடுதான் வருகிறார்கள்: "மாட்யூல் போய்விட்டது." பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் மாட்யூல் நன்றாகவே இருக்கிறது. எர்த் விட்டிருக்கும், 12 வோல்ட்டை உயர் மின்னழுத்தமாக்கும் காயில் பொருந்தாததாக இருக்கும், டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் சுற்றித் தீப்பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் அனுப்பும் ரோட்டார் கசியும். மாட்யூலைக் குற்றவாளி ஆக்குவதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கீழே உள்ள வரிசை அதற்காகத்தான். உங்கள் வண்டி காட்டும் அறிகுறிக்கு நேராகப் போய், அங்கே முதலில் சொல்லியிருப்பதை முதலில் பாருங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: மல்டிமீட்டர், 12 வோல்ட் டெஸ்ட் லைட், நல்ல நிலையில் உள்ள ஒரு பழைய பிளக், இரு முனையிலும் கிளிப் உள்ள ஒரு வயர், தீப்பொறி வரும் நேரத்தைக் காட்டும் டைமிங் லைட். தீப்பொறி பார்க்கும்போது பிளக்கின் உடலைக் கிளிப் வயரால் இன்ஜினோடு இணைத்துவிடுங்கள். கையால் பிடிக்கவே கூடாது. பழைய பாயிண்ட் வண்டியில் வாங்கிய "சுர்" அடியை நினைத்துக்கொண்டு இதில் கை வைக்காதீர்கள். இதன் அடி பலமானது. பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் பானட் அருகிலேயே வர வேண்டாம். காயிலின் நடு வயரை எங்கும் சேர்க்காமல் அந்தரத்தில் விட்டுச் செல்ஃப் அடிப்பதும் கூடாது. போக வழியில்லாத உயர் மின்னழுத்தம் மாட்யூலைத் தேடி வரும்.

அறிகுறி 1: செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, தீப்பொறியே இல்லை

முதலில் காயிலிலிருந்து வரும் நடு வயரை டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலிருந்து கழற்றி, எர்த் செய்த பழைய பிளக்கில் மாட்டிச் செல்ஃப் அடியுங்கள். இங்கேயே வழி இரண்டாகப் பிரிகிறது.

*நடு வயரில் தீப்பொறி வருகிறது, பிளக்குகளுக்கு வரவில்லை என்றால்:* காயிலும் மாட்யூலும் வேலை செய்கின்றன. கோளாறு மூடியிலோ ரோட்டாரிலோதான். மூடியைத் திருப்பி வெளிச்சத்தில் பாருங்கள். பென்சிலால் கோடு போட்டதுபோல் கறுப்புக் கோடு தெரிந்தால் அது மின்சாரம் ஓடிய தடம். துடைத்தால் போகாது, மூடியை மாற்ற வேண்டும். நடுவில் இருக்கும் கார்பன் முனை ஸ்பிரிங்கோடு உள்ளே போய் வெளியே வருகிறதா என்று விரலால் அழுத்திப் பாருங்கள். அது உடைந்து விழுந்த வண்டிகள் உண்டு. பிறகு ரோட்டார். நடுவில் ரிவெட் அடித்த மலிவான ரோட்டார்களில் தீப்பொறி பிளக்குக்குப் போகாமல் ரிவெட் வழியே தண்டுக்கு இறங்கிவிடும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. நம்பிக்கையான வேறொரு ரோட்டாரை மாட்டிப் பார்ப்பதுதான் சரியான சோதனை. எலக்ட்ரானிக் இக்னிஷனில் மின்னழுத்தம் கூடுதல் என்பதால், பாயிண்டில் தாக்குப்பிடித்த அரைகுறை ரோட்டார் இதில் ஒரே வாரத்தில் கைவிடும். கிட் போடும் அன்றே ரோட்டாரையும் மூடியையும் மாற்றிவிடுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன், கேட்பவர்கள் குறைவு.

*நடு வயரிலும் தீப்பொறி இல்லை என்றால்:* டெஸ்ட் லைட்டின் கிளிப்பைப் பேட்டரி பாசிட்டிவில் மாட்டி, முனையைக் காயிலின் நெகட்டிவில் வைத்து, இன்னொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள்.

விளக்கு விட்டுவிட்டு மின்னுகிறதா? மாட்யூல் தன் வேலையைச் செய்கிறது. காயிலையும் நடு வயரையும் பாருங்கள். காயிலின் இரண்டு சிறு முனைகளுக்கிடையே மல்டிமீட்டர் வைத்தால், பேலஸ்ட் (காயிலுக்கு முன் சேர்க்கும் மின்தடை) இல்லாத 12 வோல்ட் காயிலுக்கு ஏறத்தாழ 3 ஓம் காட்ட வேண்டும். சிறு முனைக்கும் நடு உயர்முனைக்கும் இடையே ஆயிரக்கணக்கான ஓம் வரும். எண்ணே வராமல் திறந்து காட்டினால் காயில் உள்ளே அறுந்துவிட்டது.

மின்னவில்லையா? சாவியைப் போட்ட நிலையில் காயில் பாசிட்டிவில் பேட்டரிக்கு நெருக்கமான வோல்ட் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு செல்ஃப் அடிக்கும்போதும் அதே இடத்தைப் பாருங்கள். சும்மா இருக்கும்போது 12 காட்டிவிட்டு, மின்சாரம் ஓடும்போது படுத்துவிடும் வயர்கள் பழைய வண்டிகளில் ஏராளம். சந்தேகம் இருந்தால் பேட்டரி பாசிட்டிவிலிருந்து காயில் பாசிட்டிவுக்கு நேரே ஒரு கிளிப் வயர் கொடுங்கள். அதில் ஸ்டார்ட் ஆனால் குற்றவாளி சாவி சுவிட்சோ அதற்கு வரும் வயரோதான். இப்படி ஓடும் இன்ஜின் சாவியை அணைத்தால் நிற்காது, கிளிப்பை எடுத்தால்தான் நிற்கும்; மறந்துவிடாதீர்கள்.

வோல்ட் சரியாக இருந்தும் விளக்கு மின்னவில்லை என்றால் டிஸ்ட்ரிபியூட்டர் எர்த். இது என் ஊகப்பட்டியலில் முதலிடம் பெற வேண்டியது. உள்ளே மாட்யூல் அமர்ந்திருக்கும் பேஸ் பிளேட்டையும் வெளிக்கூட்டையும் இணைக்கும் மெல்லிய பின்னல் வயர் ஒன்று உண்டு. பாயிண்ட் காலத்திலேயே அது நைந்து பாதி இழைகளோடு உயிர் பிடித்துக்கொண்டிருக்கும். மல்டிமீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் சிவப்பு முனையைப் பேஸ் பிளேட்டிலும் வைத்துச் செல்ஃப் அடியுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பாதையில் எங்கோ தடை. பின்னல் வயர், இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டை, பேட்டரி முனை என்று ஒவ்வொன்றாகத் தேய்த்து இறுக்குங்கள்.

இதற்குப் பிறகும் மின்னவில்லை என்றால், மூடியைக் கழற்றிச் செல்ஃப் அடித்து ரோட்டார் சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றவில்லை என்றால் கருவியைக் கீழே வைத்துவிடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரை ஓட்டும் தண்டோ டைமிங் செயினோ போயிருக்கிறது. அது இன்ஜின் மெக்கானிக்கின் வேலை. சுற்றுகிறது என்றால், காந்த வளையம் கேமில் (தண்டில் பாயிண்டைத் திறக்கும் மேடுள்ள பகுதி) முழுதாக இறங்கி அமர்ந்திருக்கிறதா, மாட்யூலுக்கும் வளையத்துக்கும் உள்ள இடைவெளி கிட்டோடு வரும் பிளாஸ்டிக் அளவுத்துண்டுக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். இவை எல்லாம் சரி, இன்னும் மின்னவில்லை. இப்போதுதான் மாட்யூலைச் சந்தேகிக்க உரிமை வருகிறது. பழைய பாயிண்டையும் கண்டென்சரையும் திரும்பப் போட்டால் கால் மணி நேரத்தில் உறுதியாகிவிடும்.

அறிகுறி 2: தீப்பொறி இருக்கிறது, ஆனால் பிடிக்காமல் கார்பரேட்டர் வழியே வெடிக்கிறது

கிட் பொருத்திய அன்றே இது வந்தால் பிளக் வயர்கள் மாறியிருக்கின்றன. இந்த இன்ஜினின் தீப்பொறி வரிசை 1-3-4-2. ரேடியேட்டர் பக்கம் இருப்பது ஒன்றாவது சிலிண்டர். மேலிருந்து பார்த்தால் ரோட்டார் இடஞ்சுழியாகச் சுற்றும். கடிகார முள்ளின் திசை என்று நினைத்து மாட்டுபவர்கள்தான் அதிகம். பத்மினிக்கும் ஹெரால்டுக்கும் திசையை இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டாம். மூடியைக் கழற்றிச் செல்ஃப் அடித்துக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

வயர்கள் சரி, இன்னும் வெடிக்கிறது என்றால் டிஸ்ட்ரிபியூட்டரையும் அதை ஓட்டும் தண்டையும் கழற்றி மாட்டியபோது அரைச் சுற்று மாறியிருக்கலாம். ஒன்றாவது பிளக்கைக் கழற்றி, துளையில் கட்டைவிரலை வைத்து இன்ஜினை மெல்லச் சுழற்றுங்கள். காற்று விரலைத் தள்ளி, புல்லிக் குறி இன்ஜினில் உள்ள குறிக்கு நேரே வரும் நேரத்தில் ரோட்டார் ஒன்றாவது வயரைப் பார்த்து நிற்க வேண்டும். எதிர்ப்பக்கம் பார்த்தால் அரைச் சுற்று மாறிவிட்டது.

பாயிண்டை எடுத்து மாட்யூல் வைத்தாலே டைமிங் மாறும். பழைய இடத்திலேயே இறுக்கிவிட்டு ஓடவில்லை என்பது நியாயமில்லை. உங்கள் இன்ஜினின் கையேட்டில் உள்ள அளவுக்கு, கார்பரேட்டரிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, டைமிங் லைட் வைத்துச் சரி செய்யுங்கள். இந்த இன்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டர் உடலைக் கடிகார முள் திசையில் திருப்பினால் தீப்பொறி முந்தும், எதிர்த்திசையில் திருப்பினால் பிந்தும். காதால் கேட்டே டைமிங் வைக்கும் முதிய மெக்கானிக்குகள் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனாலும் லைட்டில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

அறிகுறி 3: செல்ஃப் சுற்றும்வரை பிடிப்பதில்லை, சாவியை விட்ட கணத்தில் பிடிக்கிறது

செல்ஃப் மோட்டார் மின்சாரத்தை எல்லாம் இழுத்துக்கொள்கிறது, மாட்யூலுக்குப் போதவில்லை. சாவியை விட்டதும் வோல்ட் எழுந்து ஒரு தீப்பொறி கிடைத்துப் பிடித்துவிடுகிறது. பாயிண்டுக்கு 8 வோல்ட்டிலும் அடித்துப் பிடித்து ஓடப் பழக்கம் உண்டு. மாட்யூல்கள் பல அந்த அளவில் பேசாமல் இருந்துவிடும்.

பேட்டரி முனைகளைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். ஓய்வில் பேட்டரி 12.4 வோல்ட்டுக்கு மேல் இருக்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் பேட்டரி சோதனை. பேட்டரியும் முனைகளும் நன்றாக இருந்து, காயில் பாசிட்டிவில் மட்டும் இன்னும் குறைவாக இருந்தால், சாவி வழியே வரும் பழைய வயரை நம்பாமல் ஒரு ரிலே வைத்துவிடுவது நல்லது. பழைய சாவி வயர் ரிலேயை மட்டும் தூண்டட்டும். காயிலுக்கு நேரே பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாகப் புதிய வயர் வரட்டும். பேட்டரி, வயர் எல்லாம் சரியாக இருந்தும் செல்ஃப் திணறினால், அதன் புஷ்ஷும் பிரஷ்ஷும் ஆட்டோ எலக்ட்ரீஷியனுக்குரியவை.

அறிகுறி 4: ஐட்லிங் நன்றாக இருக்கிறது, ஆக்சிலரேட்டரை அழுத்தினால் விட்டுவிட்டு ஓடுகிறது

இதைப் பற்றிச் சற்று நீளமாகச் சொல்ல வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது, பர்லியாறு தாண்டிய ஒரு கொண்டை ஊசி வளைவில் என் வண்டி இப்படித்தான் இருமிக்கொண்டே நின்றது. தள்ளி ஓரம் கட்டி ஸ்டார்ட் செய்தால் சாதுவாக ஓடியது. கியர் போட்டு அழுத்தினால் மீண்டும் செத்தது. அதற்கு முன்பு ஒரு பட்டறையில் இதே புகாருக்கு மாட்யூலை இரண்டு முறை மாற்றியிருந்தார்கள்; இரண்டு முறையும் பணம் கொடுத்தேன். அன்று சாலையோரம் மூடியைக் கழற்றிப் பேஸ் பிளேட்டை விரலால் அசைத்தபோதுதான் தெரிந்தது: மாட்யூலின் கறுப்பு வயர் தளர்வே இல்லாமல் இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. ஆக்சிலரேட்டரைத் தொட்டதும், உறிஞ்சு விசையால் தீப்பொறியை முந்தவைக்கும் வேக்குவம் அட்வான்ஸ் பேஸ் பிளேட்டைத் திருப்புகிறது, திரும்பும் ஒவ்வொரு முறையும் வயர் இழுபடுகிறது. மேலுறை முழுதாக இருக்க, உள்ளே செம்பு அறுந்திருந்தது.

ஆகவே முதல் சோதனை இதுதான். இன்ஜின் ஐட்லிங்கில் ஓடட்டும். கார்பரேட்டர் பக்கத்தில் வேக்குவம் குழாயைக் கழற்றி, கார்பரேட்டரில் திறந்த துளையை அடைத்துவிட்டு, குழாயை வாயால் உறிஞ்சுங்கள். வேகம் கூடினால் நல்லது. இன்ஜின் துள்ளினாலோ நின்றாலோ மாட்யூலின் வயர்களும் பேஸ் பிளேட்டின் பின்னல் எர்த்தும்தான். வயருக்குத் தளர்வு கொடுத்து, சுழலும் பாகத்தில் உரசாமல் வழி அமையுங்கள். உறிஞ்சியும் ஒன்றுமே ஆகவில்லை, காற்று தாராளமாக வருகிறது என்றால் வேக்குவம் டயாஃப்ரம் கிழிந்துவிட்டது. அது வேறு கோளாறு, பிக்கப் குறைவதற்குக் காரணம்.

அடுத்து பிளக் வயர்கள். செம்பு இழை வயர்கள் தீப்பொறிக்கு நல்லவை என்று பலர் விடாமல் வைத்திருக்கிறார்கள். அவை எழுப்பும் மின்காந்த இரைச்சல் மாட்யூலைக் குழப்பும். மின்தடை உள்ள கார்பன் வயரோ, மின்தடை உள்ள பிளக் தொப்பிகளோ தேவை. கார்பன் வயரிலும் மல்டிமீட்டர் எண்ணே வராமல் திறந்து காட்டுவது, மற்ற மூன்றைவிட மிக அதிகமாகக் காட்டுவது இருந்தால் மாற்றுங்கள். இரவில் விளக்கை அணைத்துவிட்டு பானட்டைத் திறந்து பாருங்கள். கசியும் வயரின் மேல் நீலப் பொறி ஊர்வது தெரியும்.

பிளக் இடைவெளியைப் பெரிதாக்கினால் பலம் கூடும் என்று 1 மில்லிமீட்டருக்கு மேல் விரிப்பவர்கள் இருக்கிறார்கள். இந்த இன்ஜினுக்கு வழக்கமான அளவு 0.025 அங்குலம், அதாவது 0.64 மில்லிமீட்டர். கிட்டின் தாள் கூடுதலாக அனுமதித்தால் அந்த அளவோடு நிறுத்துங்கள். இடைவெளி கூடக்கூட மூடிக்கும் ரோட்டாருக்கும் சுமை கூடுகிறது.

இவை எல்லாம் கடந்தும் மிஸ்ஸிங் போகவில்லை என்றால் டிஸ்ட்ரிபியூட்டர் தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். நன்றாக ஆடினால் புஷ் தேய்ந்துவிட்டது. டைமிங் லைட்டில் குறி ஓரிடத்தில் நிற்காமல் நடுங்குவதும் அதனால்தான். புதிய கிட் தேய்ந்த தண்டைச் சரி செய்யாது. லேத்தில் புஷ் அடித்து, உள்ளே வேகத்துக்கேற்ப டைமிங்கை மாற்றும் எடைகளின் ஸ்பிரிங்குகளையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அறிகுறி 5: அரை மணி நேரம் ஓடிச் சூடானதும் நிற்கிறது, ஆறினால் ஸ்டார்ட் ஆகிறது

அக்னி நட்சத்திரத்தில் வரும் புகார் இது. நின்ற அந்த நிமிடத்திலேயே, ஆறவிடாமல், தீப்பொறி பாருங்கள். அந்தச் சோதனையைத் தவறவிட்டால் மற்றதெல்லாம் ஊகம்தான்.

*தீப்பொறி பலமாக இருக்கிறது:* இக்னிஷனை விட்டுவிடுங்கள். பெட்ரோல் குழாயில் ஆவியாகி அடைக்கிறது. பம்பின் மேல் ஈரத்துணி போட்டால் பிடிக்கிறதா என்று பாருங்கள், பிடித்தால் உறுதி. பெட்ரோல் குழாய் புகைபோக்கி மேனிஃபோல்டுக்கு அருகில் போகிறதா என்று பார்த்து விலக்கிவிடுங்கள்.

*தீப்பொறி இல்லை:* காயிலின் மேல் புறங்கையைக் கொண்டுபோங்கள். வெதுவெதுப்பு இயல்பு. பக்கத்தில் வைக்கவே முடியாத சூடு என்றாலோ, வாய்ப்பக்கம் எண்ணெய் கசிந்திருந்தாலோ, காயில் பொருந்தவில்லை. 3 ஓம் காயில் ஏறத்தாழ 4 ஆம்பியர் இழுக்கும் இடத்தில், பேலஸ்ட்டுக்காகச் செய்த 1.5 ஓம் காயிலை நேரே 12 வோல்ட்டில் மாட்டினால் 8 ஆம்பியர் ஓடும். காயிலும் வேகும், மாட்யூலும் வேகும். கிட்டின் தாளில் குறைந்தபட்ச ஓம் எவ்வளவு என்று போட்டிருப்பார்கள். அதற்குக் கீழே போகவே கூடாது. காயில் சரி, அறிகுறி 1இல் சொன்ன விளக்குச் சோதனையில் சூட்டில் மட்டும் மின்னுவதில்லை, ஆறினால் மின்னுகிறது என்றால், மாட்யூல்தான் சூட்டில் படுக்கிறது. மாற்றுங்கள்.

அறிகுறி 6: சாவியை அணைத்தும் இன்ஜின் ஓடுகிறது

எப்படி ஓடுகிறது என்று கவனியுங்கள். குலுங்கி, தட்டி, சீரில்லாமல் சில நொடி ஓடி நின்றால் அது சிலிண்டருக்குள் படிந்த கரியும் கூடுதல் ஐட்லிங்கும். ஐட்லிங்கைக் குறைத்து, டைமிங்கைச் சரிபாருங்கள்.

ஒன்றுமே நடக்காததுபோல் சீராக ஓடிக்கொண்டே இருந்தால், டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர் வைத்த வண்டியா என்று பாருங்கள். சார்ஜ் எச்சரிக்கை விளக்கின் வழியே ஆல்டர்னேட்டர் திரும்பிக் கொடுக்கும் சிறு மின்சாரமே மாட்யூலை உயிரோடு வைத்திருக்கப் போதும். எச்சரிக்கை விளக்கின் பல்பைக் கழற்றிவிட்டு அணைத்துப் பாருங்கள். நின்றால் அதுதான். அந்த வயரில் 1 ஆம்பியர் டையோடு ஒன்றை, கோடு போட்ட முனை ஆல்டர்னேட்டர் பக்கம் இருக்கும்படி சேர்த்தால் தீர்ந்தது.

அறிகுறி 7: மாட்யூல் மீண்டும் மீண்டும் எரிகிறது

மூன்றாவது மாட்யூல் வாங்குவதற்கு முன் நிறுத்துங்கள். இன்ஜின் ஓடாமல் சாவியைப் போட்டு வைக்கும் பழக்கம் உண்டா? எளிய மாட்யூல்களில் இன்ஜின் நின்ற இடத்தைப் பொறுத்துக் காயிலுக்கு இடைவிடாமல் மின்சாரம் ஓடும். கல்யாண வீட்டு வாசலில் ஓட்டுநர் சாவியைப் போட்டு ரேடியோ கேட்ட அரை மணி நேரத்தில் எரிந்த மாட்யூலைப் பார்த்திருக்கிறேன். ரேடியோவுக்குத் தனி வயர் கொடுத்துவிடுங்கள்.

பாடிக்கு வெல்டிங் வைத்தார்களா? அதற்கு முன் பேட்டரி முனையையும் மாட்யூல் வயர்களையும் கழற்ற வேண்டும். ஜம்ப் ஸ்டார்ட்டில் முனை மாறினால் ஒரு நொடி போதும். 1960களின் நடுப்பகுதிவரை வந்த பிரிட்டிஷ் வடிவமைப்புக் கார்கள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் எர்த். பழைய மாரிஸ் மைனர் போன்றவற்றில் சாதாரண கிட்டை மாட்டினால் பிறந்தநாளும் இறந்தநாளும் ஒன்றாகிவிடும். அதற்கென்று தனியாக வரும் கிட் வேண்டும்.

இவை எதுவும் இல்லை என்றால் ஓடும்போது பேட்டரி முனையில் வோல்ட் பாருங்கள். 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது. வயரிங் உருகிய வாசனை, ஃபியூஸ் அடிக்கடி போவது ஆகியவை சேர்ந்து வந்தால் நீங்களே பிரிக்க வேண்டாம். பழைய வண்டி வயரிங் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொண்டுபோங்கள். அளந்த வோல்ட், ஓம் எண்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் அவருக்கு அரைநாள் மிச்சம்.

வழியில் நின்றுவிட்டால்

டேஷ்போர்டு பெட்டியில் பழைய பாயிண்ட், கண்டென்சர், ஒரு ரோட்டார், திருகுகள், இடைவெளி அளக்கும் தகடு ஆகியவற்றை ஒரு டப்பாவில் எப்போதும் வைத்திருங்கள். மாட்யூலின் இரண்டு வயர்களையும் காயிலிலிருந்து கழற்றி, முனைகளைத் தனித்தனியாக டேப் சுற்றுங்கள். காந்த வளையத்தை மேலே இழுத்து எடுங்கள். பாயிண்டையும் கண்டென்சரையும் திருகி, டிஸ்ட்ரிபியூட்டர் பக்கவாட்டு முனையிலிருந்து காயில் நெகட்டிவுக்குப் பழைய வயரைக் கொடுங்கள். கேமின் மேடு பாயிண்டை முழுதாகத் திறக்கும் இடத்தில் இன்ஜினை நிறுத்தி, இடைவெளியை 0.015 அங்குலத்துக்கு வையுங்கள். தகடு இல்லை என்றால் தடித்த விசிட்டிங் கார்டு ஒன்று வீடு வரை கொண்டுவந்து சேர்க்கும். டைமிங் சற்று மாறியிருக்கும் என்பதால் மேட்டில் இன்ஜின் தட்டினால் டிஸ்ட்ரிபியூட்டரை நூலளவு பிந்தும் பக்கம் திருப்பி, மெதுவாக ஓட்டிக்கொண்டு வாருங்கள்.